ரீங்காரம் சரி, நேரம் தப்பு: இசைக்கவைக் கைக்கடிகாரத்தைச் சுத்தம் செய்யும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பல வருடங்களாகப் பெட்டியில் கிடந்த, புலோவா நிறுவனத்தின் அக்யூட்ரான் என்ற இசைக்கவைக் கைக்கடிகாரம். புது பேட்டரி போட்டுக் காதில் வைத்தால் சீரான ரீங்காரம் கேட்கிறது. ஆனால் முள் நகரவே இல்லை. இன்னொருவரிடம் அதே மாடல். முள் நகர்கிறது, ஆனால் ஒரு நாளுக்குள் அரை மணி நேரம் முந்திவிடுகிறது. "ஆயில் காய்ந்துபோயிருக்கும், கழுவிப் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்வார். "சர்க்யூட் போச்சு" என்று மற்றவர் சொல்வார். இரண்டுமே தவறாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.

இசைக்கவைக் கடிகாரம் சாவி கொடுக்கும் கடிகாரமும் இல்லை, குவார்ட்ஸும் இல்லை. சாவிக் கடிகாரத்தைப் போலக் கழுவினால் கெடும். குவார்ட்ஸைப் போல பேட்டரியை மட்டும் மாற்றினால் குழப்பும். அது எப்படி நேரத்தை எண்ணுகிறது என்பது புரிந்துவிட்டால், எதைச் சுத்தம் செய்ய வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது தானாகவே விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

## நேரத்தைக் காப்பது எது?

பள்ளி இயற்பியல் கூடத்தில் பார்த்த அதே இசைக்கவைதான். தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் ஒலிக்கும். பலமாகத் தட்டினாலும் மெதுவாகத் தட்டினாலும் சத்தம் மாறுமே தவிர சுருதி மாறாது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மாக்ஸ் ஹெட்சல், புலோவா நிறுவனத்தின் பீல் நகரக் கிளையில் 1950-களில் இந்தப் பண்பைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். 1960 அக்டோபரில் அமெரிக்காவில் அக்யூட்ரான் அறிமுகமானது. முதல் இயக்கத்தின் (உள்ளே இருக்கும் இயந்திரத்தின்) எண் 214. அதில் இருக்கும் இசைக்கவை நொடிக்கு 360 முறை அதிர்கிறது. அப்போதிருந்த சாதாரண சாவிக் கடிகாரத்தின் பாலன்ஸ் வீல் நொடிக்கு இரண்டரை முறைதான் ஆடியது. மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிசகாது என்று நிறுவனமே உத்தரவாதம் தந்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம்.

கவையை ஆட வைப்பது பேட்டரி. கவையின் இரு கரங்களின் நுனியிலும் கிண்ணம் போன்ற இரும்புக் கூடு, அதன் நடுவே ஒரு காந்தம். நகராத இரண்டு காயில்கள் அந்தக் கிண்ணங்களுக்குள் நுழைந்து நிற்கின்றன, ஒன்றையொன்று தொடாமல். மின்சுற்று என்று பார்த்தால் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். ஒரு காயிலின் ஒரு பகுதி, கவை இப்போது எங்கே இருக்கிறது என்பதை உணரும். அது சொல்லும் தருணத்தில் டிரான்சிஸ்டர் திறந்து, ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு சின்ன மின்துடிப்பு போகிறது.

இந்தச் சுற்றில் ஓர் அழகான தன்மை இருக்கிறது. காந்தம் ஆடும்போது காயிலில் எதிர் மின்னழுத்தம் உண்டாகும். ஆட்டம் பெரிதாக ஆக அந்த எதிரழுத்தம் பேட்டரியின் வோல்டேஜை நெருங்கும், உள்ளே போகும் ஆற்றல் குறையும். கடிகாரம் எங்காவது இடிபட்டு ஆட்டம் சுருங்கினால், அடுத்தடுத்த துடிப்புகளில் கூடுதல் ஆற்றல் போய் பழைய அளவுக்கு ஏற்றிவிடும். ஆக, கவை எவ்வளவு அகலமாக ஆடுகிறது என்பதை முடிவு செய்வது பேட்டரியின் வோல்டேஜ். எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பதை முடிவு செய்வது கவையின் உலோகமும் வடிவமும். இந்த இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

வெப்பநிலையால் பெரிதும் மாறாத தனிக் கலவை உலோகத்தில் கவை செய்யப்பட்டிருக்கிறது. அதன் வேகம் நாளுக்குச் சில நொடிகள் மாறலாம். நிமிடக் கணக்கில் மாறவே மாறாது. அப்படியென்றால் அரை மணி நேரம் முந்தும் கடிகாரத்தில் பிழை கவையில் இல்லை. கவையின் அதிர்வுகளை எண்ணும் இடத்தில் இருக்கிறது.

## எண்ணும் இடம்

கவையின் ஒரு கரத்தில் மெல்லிய ஸ்பிரிங் கம்பி ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதன் நுனியில் 0.2 மி.மீ.-க்கும் சிறிய சதுரக் கல். இதை நகர்த்து விரல் என்று வைத்துக்கொள்வோம். இயக்கத்தின் தட்டில் அசையாமல் பொருத்தப்பட்ட இன்னொரு விரல் உண்டு, அதன் நுனியிலும் கல். இது தடுப்பு விரல். இரண்டு கற்களும் ஒரே பற்சக்கரத்தின் மேல் படிந்திருக்கின்றன. அதுதான் இன்டெக்ஸ் சக்கரம்.

அந்தச் சக்கரத்தின் அளவைக் கவனித்துப் பார்க்க வேண்டும். விட்டம் சுமார் 2.4 மி.மீ., அதில் 300 பற்கள். கணக்குப் போட்டால் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 0.025 மி.மீ. பல்லின் உயரம் அதைவிடவும் குறைவு, ஏறக்குறைய 0.01 மி.மீ. தலைமுடி ஒன்றின் தடிமனில் இரண்டு மூன்று பற்கள் அடங்கிவிடும். வெறும் கண்ணுக்கு இது பல்லே இல்லாத வழவழப்பான தட்டாகத்தான் தெரியும். சாதாரண லூப்பில் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியில்) பார்த்தாலும் ஓரம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். நல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும்.

ஓர் அதிர்வுக்கு ஒரு பல். நொடிக்கு 360 பல் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 72 முறை சுற்றுகிறது. ஒரு நாளைக்கு நகரும் பற்கள் 3 கோடியே 11 லட்சம். அதில் ஒவ்வொன்றும் சரியாக விழ வேண்டும்.

ஒரே ஓர் அதிர்வில் நடப்பதை மெதுவாக்கிப் பார்த்தால்:

1. கவை முன்னே வருகிறது. நகர்த்து விரலின் கல் ஒரு பல்லைப் பிடித்துச் சக்கரத்தைச் சுமார் ஒன்றரைப் பல் தூரம் நகர்த்துகிறது.
2. அந்த ஓட்டத்தில் தடுப்பு விரலின் கல் ஒரு பல்லைத் தாண்டி அடுத்த பள்ளத்தில் விழுகிறது.
3. கவை திரும்புகிறது. நகர்த்து கல் பற்களின் மேல் உரசிக்கொண்டே பின்னால் போகும்போது, அந்த உரசல் சக்கரத்தையும் அரைப் பல் பின்னால் இழுக்கிறது. தடுப்புக் கல்லில் பல் வந்து முட்டியதும் சக்கரம் நின்றுவிடுகிறது.
4. நகர்த்து கல் மட்டும் தொடர்ந்து பின்னால் போய், அடுத்த பல்லுக்குப் பின்னே விழுகிறது. அடுத்த அதிர்வு தொடங்குகிறது.

ஒன்றரை முன்னே, அரை பின்னே, மிச்சம் ஒன்று. மூன்றாவது படிதான் பலரும் கவனிக்காதது. பின்னோக்கிய அந்த உரசல் இல்லாவிட்டால் சக்கரம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்த உரசலைத்தான் பல்லின் மேல் விழும் ஒரு சொட்டு ஆயில் மாற்றிவிடுகிறது.

## ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே

கவை எவ்வளவு அகலம் ஆடினால் எண்ணிக்கை சரியாக இருக்கும்? ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு பல்லுக்கு மேல், மூன்று பற்களுக்குள். இந்த வரம்புக்குள் எங்கே ஆடினாலும் சக்கரம் ஒரு பல்தான் நகரும். சாதாரணமாக இரண்டு பல் அகலம், அதாவது 0.05 மி.மீ. ஆடும்படி வடிவமைத்திருக்கிறார்கள், நடுவில் நிற்பதால் இருபுறமும் தாராளமாக இடம். ஒரு பல்லுக்குக் கீழே போனால் எண்ணிக்கை தவறும்: ரீங்காரம் கேட்கும், முள் நிற்கும் அல்லது பின்தங்கும். மூன்றைத் தாண்டினால் ஓர் அதிர்வுக்கு இரண்டு பல் போகும், கடிகாரம் பறக்கும்.

ஆனால் இந்த தாராளம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கவை அசையாமல் இருக்கும்போது, நகர்த்து கல்லும் தடுப்புக் கல்லும் ஒன்றுக்கொன்று சரியாக அரைப் பல் விலகி இருக்க வேண்டும். அந்த இடம் கால் பல் தள்ளிப்போனால் போதும், ஒன்று முதல் மூன்று வரை இருந்த வரம்பு ஒன்றரை முதல் இரண்டரையாகச் சுருங்கிவிடும். கால் பல் என்பது 0.006 மி.மீ. பழைய ஒட்டுப் பசை சற்றே நகர்ந்தாலும், யாரோ ட்வீசரால் விரலைத் தொட்டிருந்தாலும் இந்த அளவுக்கு விலகிவிடலாம். கடிகாரம் அப்போதும் மேசை மேல் ஒழுங்காக ஓடும். கையில் கட்டி நடந்ததும் தவறும்.

## பேட்டரி ஏன் பிரச்சினையாகிறது

அக்யூட்ரான் வடிவமைக்கப்பட்டது 1.35 வோல்ட் பாதரச செல்லுக்கு. அந்த செல் தீரும் வரை அதே வோல்டேஜைத் தந்துகொண்டிருக்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றுச்சூழல் காரணமாக அது சந்தையை விட்டுப் போய்விட்டது. அமெரிக்காவில் 1996-இல் வந்த சட்டம் பாதரச ஆக்சைடு பட்டன் செல் விற்பனையைத் தடை செய்தது. மற்ற நாடுகளும் அப்படியே. இன்று அதே அளவில் கிடைப்பது சில்வர் ஆக்சைடு செல், 1.55 வோல்ட்.

வோல்டேஜ் 15 சதவீதம் கூடுகிறது. ஆட்டத்தின் அகலம் வோல்டேஜைப் பின்தொடர்வதால் அதுவும் ஏறக்குறைய அதே அளவு கூடும்: இரண்டு பல் அகலம் 2.3 ஆகிறது. விரல்கள் சரியாக அமைந்த கடிகாரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை, மேல்வரம்பு மூன்று. கால் பல் விலகியிருக்கும் கடிகாரத்துக்கு மேல்வரம்பு இரண்டரை. கையை ஒரு முறை உதறினால் தாண்டிவிடும். "என்னுடையது புது பேட்டரியில் நன்றாக ஓடுகிறது" என்று ஒருவரும், "என்னுடையது பைத்தியம் பிடித்த மாதிரி ஓடுகிறது" என்று இன்னொருவரும் ஒரே மாடலைப் பற்றிச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இருவர் சொல்வதும் உண்மை.

வழிகள் இரண்டு. ஒன்று, விரல்களை 1.55 வோல்ட்டுக்கு ஏற்றபடி சரியாக அமைப்பது. இன்னொன்று, உள்ளேயே ஒரு டயோடு வைத்து வோல்டேஜை இறக்கித் தரும் செல்லைப் போடுவது. ஜிங்க்-ஏர் செல்லின் வோல்டேஜ் 1.4-ஐ ஒட்டி இருப்பதால் சிலர் அதை நாடுகிறார்கள். ஆனால் அதற்குக் காற்று வேண்டும், திறந்த பிறகு சில வாரங்களில் வறண்டும் போகும். இறுக்கமாக மூடிய கடிகாரத்துக்கு அது ஒத்துவராது.

1965-இல் வந்த 218 இயக்கம் 1.55 வோல்ட்டைப் பொதுவாக நன்றாகவே தாங்குகிறது. தலைவலி பெரும்பாலும் 214-இல்தான். இரண்டையும் பிரித்தறிவது சுலபம்: 214-இல் ஓரத்தில் சாவி இருக்காது, நேரம் மாற்றும் கைப்பிடி பின்மூடியில் மடங்கிக் கிடக்கும், 218-இல் சாவி உண்டு, பெரும்பாலும் நான்கு மணி இடத்தில்.

## திறப்பதற்கு முன்

இந்தக் கடிகாரத்தில் நோயைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை மூடியைத் திறக்காமலேயே முடிந்துவிடும். ஏனென்றால் அதிர்வதும் எண்ணுவதும் தனித்தனி, அவற்றின் கோளாறுகளும் தனித்தனி.

1. ரீங்காரமே இல்லை. முதலில் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும், வைத்த திசை சரியா என்றும் பார்க்க வேண்டும். மெதுவாக ஒரு தட்டு தட்டினால் சில சமயம் கவை ஆடத் தொடங்கும். அப்படியும் இல்லையென்றால் தொடுமுனையில் அரிப்பு, அறுந்த காயில், செத்த டிரான்சிஸ்டர், அல்லது கிண்ணத்துக்குள் இரும்புத் தூள் அடைத்திருப்பது. இங்கே சக்கரங்களைக் கழுவுவதால் பயன் ஏதுமில்லை.
2. ரீங்காரம் உண்டு, முள் நகரவில்லை. மின்சுற்று நலம். இன்டெக்ஸ் சக்கரம் சிக்கியிருக்கிறது, அல்லது விரல் பல்லைத் தொடவில்லை, அல்லது அதற்குப் பிறகு வரும் சக்கரங்களில் எங்கோ தடை. சுத்தம் செய்ய வேண்டியது இந்தக் கடிகாரத்தைத்தான்.
3. நிமிடக் கணக்கில் முந்துகிறது. இரண்டு இரண்டு பல்லாகப் போகிறது. வோல்டேஜும் விரல் அமைப்பும் சந்தேகத்துக்குரியவை.
4. நிமிடக் கணக்கில் பின்தங்குகிறது, அல்லது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தயங்குகிறது. அழுக்கு, இறுகிய ஆயில், அல்லது சேதமடைந்த பல்.
5. நாளுக்குச் சில நொடிகள் மட்டும் விலகல். கோளாறே இல்லை. சீரமைத்தால் போதும், அதற்குக் கழற்ற வேண்டியதில்லை.

மின்னோட்டத்தை அளந்து பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. நலமான இயக்கம் ஒரு சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். அது இரட்டிப்பாக இருந்தால் கவைக்கு எங்கோ இழுப்பு இருக்கிறது: கிண்ணத்தில் தூள் உரசுகிறது, அல்லது விரல் பல்லை அளவுக்கு மீறி அழுத்துகிறது. காயிலின் தடையை அளக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். கம்பியின் தடிமன் 0.015 மி.மீ. அளவுதான். அதிக மின்னோட்டம் செலுத்தும் பழைய மீட்டரை வைக்கக் கூடாது.

## விசை ஓடும் திசை

சாவிக் கடிகாரத்தில் விசை மெயின் ஸ்பிரிங்கில் தொடங்கி, சக்கரம் சக்கரமாக மெலிந்து, கடைசியில் பாலன்ஸ் வீலை அடையும். ஸ்பிரிங் பலமானது, கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் இழுத்துக்கொண்டு போகும். இசைக்கவைக் கடிகாரத்தில் இது தலைகீழ். கவைதான் இன்டெக்ஸ் சக்கரத்தை நகர்த்துகிறது, அது அடுத்த சக்கரத்தை, அது முள்ளை. மிக வேகமாகச் சுழலும் இடத்தில் விசை மிக மிகக் குறைவு. ஊதினாலே சுற்றும் அளவு.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. இன்டெக்ஸ் சக்கரத்தின் அச்சில் கெட்டியான ஆயில் விட்டால் அதுவே கடிகாரத்தை நிறுத்தப் போதும். அதே ஆயில் மணி முள் பக்கம் இருந்தால் ஒன்றும் ஆகாது, அங்கே சக்கரம் மெதுவாகவும் விசை பெரிதாகவும் இருக்கிறது. மூன்றாவது நல்ல செய்தி: இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் இல்லாததால் அச்சுகள் தேய்வது மிகக் குறைவு. அறுபது வருடப் பழைய இயக்கத்தைத் திறந்தாலும் அச்சுகள் பளபளப்பாக இருப்பதைப் பார்க்கலாம். எனவே "பழசு, தேய்ந்திருக்கும்" என்ற ஊகத்தில் பாகங்களை மாற்றத் தொடங்கக் கூடாது.

## கழற்றுவதும் கழுவுவதும்

முதல் வேலை பேட்டரியை எடுப்பது. இரண்டாவது, வேறு எதையும் தொடும் முன், இரண்டு விரல்களையும் இன்டெக்ஸ் சக்கரத்திலிருந்து விலக்குவது. விரல்கள் பல்லில் படிந்திருக்கும்போதே, சக்கரங்களைப் பிடித்திருக்கும் பாலத்தைத் தூக்கினால் விரல் வளையும், கல் பிய்யும், பல் மழுங்கும். இந்த மூன்றில் எது நடந்தாலும் அந்தப் பாகத்தோடு கதை முடிந்தது. இந்த ஒரு படியை அவசரப்பட்டுத் தாண்டியதால் பாழான இயக்கங்கள் ஏராளம்.

கருவிகளும் மாற வேண்டும். கவையின் காந்தங்கள் வலுவானவை. எஃகு ட்வீசரைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது திடீரென்று இழுபட்டு காயில் மேல் மோதும். எஃகு ஸ்குரூ பறந்து போய் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பித்தளை ட்வீசர், காந்தத்தால் ஈர்க்கப்படாத ஸ்குரூ டிரைவர் தேவை. கடிகாரப் பட்டறையில் வழக்கமாக இருக்கும், காந்தத்தன்மையை நீக்கும் டிமேக்னடைசர் கருவியை இந்த இயக்கத்தின் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது. கவையின் காந்தம் வலுவிழந்தால் அதை வீட்டிலோ சாதாரணப் பட்டறையிலோ மீட்க வழியில்லை.

இனி பாகம் பாகமாக.

இன்டெக்ஸ் சக்கரம். இதைத் தனியாக, வேறு எந்தப் பாகமும் மேலே விழாத கிண்ணத்தில் சுத்தம் செய்ய வேண்டும். பிடிப்பது அச்சை மட்டும். பற்களில் பிரஷ் கூடாது, மரக்குச்சி கூடாது, அழுக்கை ஒற்றி எடுக்கும் ஒட்டும் புட்டியில் (putty) அழுத்துவதும் கூடாது. மற்ற சக்கரங்களோடு சேர்த்துக் கழுவும் இயந்திரக் கூடையில் போட்டால் ஒன்றோடொன்று உரசும், 0.01 மி.மீ. பல்லுக்கு அந்த உரசலே அதிகம். எச்சம் விடாமல் ஆவியாகும் பெட்ரோலிய ஈதர் (benzine; benzene அல்ல) வகைக் கரைப்பானில் முக்கி, மெதுவாக அசைத்து, காற்றில் உலர விடுவதே பாதுகாப்பான வழி. துணியால் துடைக்கவே கூடாது: துணியின் ஒரு நூலிழைத் துணுக்கு இந்தப் பற்களைவிடப் பெரிது, அதுவே பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். உலர்ந்த பிறகு மைக்ரோஸ்கோப்பில் முழுச் சுற்றும் பார்த்துவிட வேண்டும். நல்ல சக்கரத்தின் ஓரத்தில் பற்கள் ஒரே சாய்வில், ரம்பம் போல வரிசையாகத் தெரியும். எங்காவது அந்த வரிசை பளிச்சென்று ஒரு கோடாக மின்னினால் அங்கே பற்கள் நசுங்கியிருக்கின்றன. அந்தச் சக்கரம் இனி உதவாது.

கவையும் நகர்த்து விரலும். கல் பசையால் ஒட்டப்பட்டது. ஆல்கஹாலிலும் வலுவான கரைப்பான்களிலும் ஊறப்போட்டால் பசை இளகும். அதனால் கவையைக் கழுவக் கூடாது, துடைத்து எடுக்கத்தான் வேண்டும். கிண்ணங்களுக்குள் பார்த்தால் பெரும்பாலும் கறுப்பாக மயிரிழை போல ஏதோ ஒட்டியிருக்கும். அது தூசி இல்லை, இரும்புத் துகள். ஊதினால் போகாது, பிரஷ் போட்டால் இடம் மாறும். கடிகாரக்காரர்கள் வைத்திருக்கும் பச்சை நிற ஒட்டும் புட்டியைக் கூராக்கிக் கிண்ணத்துக்குள் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பொறுமையாகப் பலமுறை செய்ய வேண்டிய வேலை. காயிலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஒரு துகள் சிக்கினாலும் ஆட்டம் சுருங்கிவிடும், ரீங்காரம் மந்தமாகும், முன்பு சொன்ன கூடுதல் மின்னோட்டமும் அப்போதுதான் வரும்.

காயில்கள். தலைமுடியைவிட நாலைந்து மடங்கு மெல்லிய கம்பி, ஆயிரக்கணக்கான சுற்றுகள். ஒரு கீறல் போதும். எந்தத் திரவத்திலும் முக்க வேண்டாம். அல்ட்ராசானிக் தொட்டிக்கு அருகிலும் வேண்டாம். ரப்பர் ஊதியால் மெதுவாக ஊதி, தனி மூடிய டப்பாவில் வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம். கம்பியை இணைக்கும் முனைகளில் பச்சை படிந்திருந்தால் பேட்டரி ஒருமுறை கசிந்திருக்கிறது என்று பொருள்.

தொடுமுனைகள். கசிந்த செல்லின் கழிவு காரத்தன்மை உடையது. காயில்களைக் கழற்றிய பிறகு, வினிகர் லேசாகத் தொட்ட மரக்குச்சியால் தேய்த்து, பிறகு சுத்தமான நீர் தொட்டுத் துடைத்து, முழுக்க உலர்த்த வேண்டும். கழற்றாமல் இதைச் செய்தால் அமிலம் காயில் முனைக்குப் போய்ச் சேரும்.

மற்ற சக்கரங்கள், பாலங்கள், தட்டு. இவை சாதாரணக் கடிகாரப் பாகங்கள்தான், வழக்கம்போலக் கழுவலாம். தட்டில் தடுப்பு விரலோ மின்பாகமோ இன்னும் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்மூடியின் ரப்பர் வளையம். பழைய ரப்பர் கல்லாக இறுகியிருக்கும் அல்லது தாராக உருகியிருக்கும். உருகியது உள்ளே போய் சக்கரங்களில் ஒட்டியிருப்பதும் உண்டு. முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். இதை விட்டுவிட்டு உள்ளே மட்டும் சுத்தம் செய்தால் ஈரம் சீக்கிரமே உள்ளே வரும்.

## ஆயில் எங்கே, எவ்வளவு

இன்டெக்ஸ் சக்கரத்தின் அச்சுகளுக்கு மிக மெல்லிய ஆயில், அச்சைத் தாங்கும் கல்லின் குழியில் ஒரு வளையமாகத் தெரியும் அளவு மட்டும். அடுத்த சக்கரங்களுக்கு அதே மெல்லிய ஆயில். முள் பக்கத்தில் மெதுவாகச் சுழலும் பாகங்களுக்குச் சற்றுக் கெட்டியானது. பற்களுக்கும், இரண்டு விரல்களின் கற்களுக்கும் ஆயில் கிடையாது. முன்பு சொன்ன பின்னோக்கிய உரசல் அங்கேதான் நடக்கிறது. அதில் ஆயில் படிந்தால் சக்கரம் தடுப்புக் கல்லுக்குத் திரும்பி வராது, தூசியும் வந்து ஒட்டும். "கொஞ்சம் ஆயில் விட்டால் நல்லாத்தானே ஓடும்" என்ற நல்லெண்ணம்தான் இந்த இடத்தில் அதிகம் கெடுத்திருக்கிறது.

## மறுபடி பூட்டி விரல்களைச் சரிசெய்தல்

விரல்கள் விலகியிருக்கும் நிலையிலேயே எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்று இந்தக் கட்டத்தில் பார்ப்பது எளிது: ரப்பர் ஊதியால் லேசாக ஊதினாலே இன்டெக்ஸ் சக்கரம் சுழன்று, தானாக மெதுவாக நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் எங்கோ அழுக்கு மிச்சம். திரும்பவும் கழற்ற வேண்டியதுதான். இங்கே சமாதானம் செய்துகொண்டு விரல்களை இறக்கினால் பிறகு எந்தச் சீரமைப்பும் நிலைக்காது.

அடுத்தது மைக்ரோஸ்கோப் வேலை. நகர்த்து விரலை மெதுவாக இறக்கி, கல் பல்லின் மேல் மிக லேசான அழுத்தத்தோடு படியும்படி செய்ய வேண்டும். அழுத்தம் குறைந்தால் கல் பல் மேலே மிதக்கும். கூடினால் கவையின் ஆற்றலைத் தின்னும். அப்புறம் தடுப்பு விரல், அதே மாதிரி. கடைசியாக அந்த அரைப் பல் விலகல். 214-இல் தடுப்பு விரல் பொருந்தியிருக்கும் சின்னப் பாலத்துக்கு அடியில் ஒரு வட்டத் திருகு உண்டு. அதைத் திருப்பினால் தடுப்புக் கல் பல்லின் ஒரு பின்னம் அளவுக்கு முன்னும் பின்னும் நகரும்.

அரைப் பல்லைக் கண்ணால் பார்த்து வைக்க முடியாது. ஆனால் மேலே சொன்ன வரம்புக் கணக்கே அளவுகோலாகிறது. விலகல் சரியாக அரைப் பல்லில் இருக்கும்போதுதான் மிகச் சிறிய ஆட்டத்திலும் கடிகாரம் ஓடும். வோல்டேஜை மாற்றக்கூடிய மின்வழங்கியில் இயக்கத்தை இணைத்து, வோல்டேஜை மெதுவாக இறக்கிக்கொண்டே போக வேண்டும். சக்கரம் நிற்கும் இடத்தில் திருகை ஒரு துளி நகர்த்தினால் மறுபடி ஓடும். இன்னும் இறக்க வேண்டும், இன்னும் ஒரு துளி நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நிற்கிறது என்ற புள்ளி வரும்போது கல் சரியான இடத்தில் இருக்கிறது. பிறகு வோல்டேஜைச் சில்வர் ஆக்சைடு செல்லின் அளவுக்கும் சற்று மேலேயும் ஏற்றி, நொடி முள் இரட்டை வேகம் பிடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் செல்லிலேயே அந்தக் கடிகாரம் ஓடும். பிடித்தால் விரல்களின் அழுத்தத்தை மீண்டும் பார்க்க வேண்டும், அல்லது வோல்டேஜை இறக்கும் செல்லுக்குப் போக வேண்டும்.

நேரச் சீரமைப்பு இதற்குப் பிறகுதான். கவைக் கரங்களின் நுனியில் இருக்கும் சின்ன எடைகளை ஒரு படி திருப்பினால் நாளுக்குச் சுமார் 2 நொடி மாறும். கரங்கள் மேல்நோக்கி நிற்பதற்கும் கீழ்நோக்கி நிற்பதற்கும் நாளுக்கு 5 நொடி அளவு வேறுபாடு இயல்பாகவே உண்டு. புவியீர்ப்பு காரணம், பழுது இல்லை. அதனால் மேசை மேல் ஒரு இரவு வைத்துப் பார்த்துத் திருகக் கூடாது. கையில் கட்டி, வழக்கம்போல ஒரு வாரம் பயன்படுத்தி, மொத்த விலகலை ஏழால் வகுத்த பிறகு திருப்ப வேண்டும்.

## எதை நீங்களே செய்யலாம்

பேட்டரி, தொடுமுனை, ரப்பர் வளையம், நேரச் சீரமைப்பு: கவனமுள்ள யாரும் செய்யலாம். சக்கரங்களைக் கழற்றிக் கழுவுவது, சாவிக் கடிகாரங்களில் கைபழகியவர் செய்யலாம். விரல்களின் அமைப்பும் இன்டெக்ஸ் சக்கரமும் இந்த இயக்கங்களை ஏற்கெனவே கையாண்டவருக்கு உரியவை. அக்யூட்ரான் இசைக்கவைக் கடிகாரங்களின் உற்பத்தி 1977-இல் நின்றுவிட்டது; காயில், இன்டெக்ஸ் சக்கரம் எல்லாம் இன்று பெரும்பாலும் பழைய இருப்பிலிருந்தும், செத்த இன்னொரு கடிகாரத்திலிருந்தும்தான் வருகின்றன. கடையில் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கேட்டால் போதும்: விரல்களை எந்த வோல்டேஜுக்கு அமைப்பீர்கள், இன்டெக்ஸ் சக்கரத்தை எப்படிக் கழுவுவீர்கள். இரண்டாவதற்கு "மற்றதோடு சேர்த்து மெஷினில்" என்று பதில் வந்தால், கடிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

ஒமேகா, லாஞ்சின் உள்ளிட்ட பல நிறுவனங்கள் பயன்படுத்திய சுவிஸ் இயக்கமான 9162-உம் ஹெட்சலின் வடிவமைப்புதான். அதன் கவை நொடிக்கு 300 முறை அதிர்கிறது. சக்கரமும் விரல்களும் அதே தத்துவம் என்பதால் மேலே சொன்ன நோயறிதல் முறை அப்படியே பொருந்தும். ஆனால் பாகங்கள் மாற்றிப் போட முடியாது, விரல்களைச் சரிசெய்யும் திருகுகளும் வேறு இடத்தில் இருக்கும். அந்த இயக்கத்துக்கான தொழில்நுட்பக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும்.